இடுப்பு வலி: ஆபரேஷனுக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் எந்த இடத்தில் வலி என்று சொல்வதற்கு முன்பே எம்ஆர்ஐ ஸ்கேன் கவரை மேசைமேல் வைத்துவிடுவார்கள். "எல்4-எல்5 போயிருச்சுங்க மேடம்", "ஜவ்வு தேஞ்சு நரம்பை அழுத்துதாமுங்க", "ஆபரேசன்தான்னு சொல்லிட்டாங்க, வேற வழி இருக்குங்களா?" திருப்பூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் எனக்கு இந்த மூன்றும் தினசரி கேட்டுப் பழகிய வாசகங்கள். எல்4, எல்5 என்பவை இடுப்பில் இருக்கிற நாலாவது, ஐந்தாவது முதுகெலும்புகள், எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கிற ஜவ்வுதான் டிஸ்க். ஓவர்லாக், பேட்லாக் தையல் மிஷின் ஓட்டுகிற டெய்லர்கள், செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நிற்கிற அக்காமார், அயர்ன் மாஸ்டர்கள், பண்டல் தூக்குகிற பையன்கள் என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனிக்காரர்கள். ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தால்தான் கையில் நாலு காசு நிற்கும் என்ற நிலைமையில் இருப்பவர்களிடம் "மூணு மாசம் ரெஸ்ட் எடுங்க" என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மறுநாள் மிஷினில் உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் வேலைக்குப் போய்க்கொண்டே செய்யக்கூடியதாக இருந்தால்தான் அது வைத்தியம்.

அப்படி ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அதுதான் முதல் வழியும்கூட.

அதற்கு முன்னால் ஒரு சோதனை

இனி சொல்கிறவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி, பாய், தலையணை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சிறுநீர் முட்டிக்கொண்டு நின்றும் போக முடியாமல் இருப்பது, அல்லது தெரியாமலே போய்விடுவது. மலத்தை அடக்க முடியாமல் போவது. சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் படுகிற இடம் முழுக்க, அதாவது பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடைப் பகுதி மரத்துப்போவது. முதுகுத்தண்டின் அடியில் இருக்கிற நரம்புக் கொத்து நசுங்கினால் இப்படி ஆகும். இதற்கு உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். "காலையில பாத்துக்கலாம்" என்று ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால்கூட சிறுநீர்ப் பிரச்சினை நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும். பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். அதனால் நானே கேட்டுவிடுவேன். வீட்டில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ வலி என்றால் நீங்களும் கேளுங்கள்.

பாதத்தைத் தூக்க முடியாமல் நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தாலோ, நாளுக்கு நாள் கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ அதுவும் டாக்டர் உடனே பார்க்க வேண்டியது.

அடுத்தது, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வியர்த்துக் கொட்டுவது, எப்படிப் படுத்தாலும் குறையாத வலி. நம் நாட்டில் முதுகெலும்பில் வருகிற டிபி அரிதான சமாச்சாரம் இல்லை. கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் மாத்திரையிலேயே குணமாகும், அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். கண்டுபிடிக்காமல் மசாஜ் செய்துகொண்டிருப்பதுதான் ஆபத்து. முன்பு புற்றுநோய் வந்தவர்கள், கீழே விழுந்தபின் வலி வந்த வயதானவர்கள், பல மாதங்களாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டியவர்கள். முப்பது வயதுப் பையன், காலையில் எழுந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு கட்டைபோல் இறுகியிருக்கிறது, வேலை செய்யச் செய்யச் சரியாகிறது, படுத்தால் கூடுகிறது என்று சொன்னால் அது டிஸ்க் கதை இல்லாமல் வாதநோயாக இருக்கலாம். அதற்குத் தனி டாக்டர் இருக்கிறார், தனி மருந்து இருக்கிறது.

இது எதுவும் இல்லையா? சரி, இப்போது அந்தக் கவருக்கு வருவோம்.

ஸ்கேனுக்கு எவ்வளவு மரியாதை?

1994-ல் அமெரிக்காவில் இடுப்பு வலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, 52 சதவீதம் பேருக்கு, ஏதாவது ஓரிடத்தில் டிஸ்க் உப்பியிருந்தது. எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். 2015-ல் இதேபோன்ற பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வலி இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. நரைமுடிக்கு யாரும் அட்மிட் ஆவதில்லை. "தேய்மானம்" என்று ரிப்போர்ட்டில் பார்த்தால் மட்டும் ராத்திரித் தூக்கம் போய்விடுகிறது.

டிஸ்க் கேரம் காய் மாதிரி சறுக்கி வேறு இடத்துக்குப் போகாது. மேலும் கீழும் இருக்கிற எலும்புகளோடு அது கெட்டியாக ஒட்டியிருக்கிறது. வெளிவளையம் விரிந்தோ கிழிந்தோ உள்ளே இருக்கிற ஜவ்வு பிதுங்குகிறது, அவ்வளவுதான். அதனால் "டிஸ்க்கை உள்ளே தள்ளிவிடுகிறேன்" என்று யாராவது முதுகில் ஏறினால் இறங்கச் சொல்லுங்கள். பிதுங்கியதைப் பல பேருக்கு உடம்பே கரைத்துவிடுகிறது. அதிலும் வேடிக்கை, ரிப்போர்ட்டில் படிக்கப் பயங்கரமாக இருப்பதுதான் அதிகம் கரைகிறது. பிதுங்கி, துண்டாகி விழுந்தவற்றில் 96 சதவீதமும், சும்மா உப்பியிருப்பவற்றில் 13 சதவீதமும் சுருங்கியதாக 2015-ல் வந்த இன்னொரு தொகுப்பு சொல்கிறது.

நெதர்லாந்தில் கால்வரை இழுக்கிற கடும் வலி இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சீக்கிரமே ஆபரேஷன், இன்னொரு பிரிவுக்குப் பொறுத்திருந்து பார்ப்பது என்று வைத்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஆனால் ஒரு வருட முடிவில் இரண்டு பிரிவிலுமே 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்திருந்த பிரிவில் 39 சதவீதம் பேர் இடையில் வலி தாங்காமல் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மற்ற 61 சதவீதம் பேருக்குக் கத்தியே படவில்லை.

எந்தப் பக்கம் போனால் குறைகிறது?

எல்லா இடுப்பு வலிக்கும் ஒரே பயிற்சி என்று யூடியூபில் பார்த்தால் உடனே மூடிவிடுங்கள். உங்கள் இடுப்புக்கு எந்தப் பக்கம் பிடிக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலையில் பாதி. ரிப்போர்ட்டை ஒதுக்கிவிட்டு நான் கேட்பது இவ்வளவுதான்: உட்கார்ந்தால் கூடுகிறதா, நின்றால் கூடுகிறதா? குனிந்தால் என்ன ஆகிறது, பின்னால் சாய்ந்தால் என்ன ஆகிறது?

உட்கார்ந்தால், குனிந்தால், இருமினால், தும்மினால் கூடுகிறது, எழுந்து நடந்தால் கொஞ்சம் தேவலாம் என்றால் பெரும்பாலும் அது டிஸ்க் சார்ந்த வலி. டெய்லர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதுதான். முதுகு சாய இடமில்லாத ஸ்டூலில் தலை கவிழ்ந்து உட்கார்ந்து, வலது காலைப் பெடலில் வைத்தபடியே நாள் போகும்.

ஓவர்லாக் ஓட்டுகிற ஒரு அண்ணனைச் சொல்கிறேன். இடது பிட்டத்தில் தொடங்கி கெண்டைக்கால் வரை சுருக் சுருக்கென்று இழுக்கிறது என்று வந்தார். நாற்காலியில் உட்காரவே இல்லை. குப்புறப் படுக்கச் சொன்னேன். "அப்படிப் படுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே" என்று தயங்கிவிட்டுப் படுத்தார். கைகள் பக்கவாட்டில், முகம் ஒரு பக்கம். இரண்டு மூன்று நிமிடம் கழித்து முழங்கைகளை ஊன்றி நெஞ்சைத் தூக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பதறிப்போய், "மேடம், கால்ல இருந்த வலி போயிருச்சு, ஆனா இடுப்புல ஏறிருச்சுங்க!" என்றார். நான் கேட்க விரும்பிய வாக்கியம் அதுதான். கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கும், தொடையில் இருந்தது பிட்டத்துக்கும், பிட்டத்தில் இருந்தது நடு இடுப்புக்கும் ஏறினால், இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் பரவாயில்லை, நீங்கள் சரியான பக்கம் போகிறீர்கள். மாறாக இடுப்பில் இருந்த வலி காலுக்கு இறங்கினால் அந்தப் பயிற்சியை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் தவறான பயிற்சியால் வருகிற கெடுதலில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

இதைக் கவனித்து ஒரு முறையாகவே ஆக்கியவர் நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சி. 1956-ல் அவரிடம் வந்த ஒரு நோயாளி, தலைப்பக்கம் உயர்த்திவைத்திருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்பக்கமாக நன்றாக வளைந்திருந்தது, அந்தக் காலத்தில் அது கூடவே கூடாத நிலை. மெக்கென்சி வந்து பார்த்துப் பயந்துபோனார். அந்த ஆளோ வாரக்கணக்கில் இருந்த கால்வலி போய்விட்டது என்றார்.

வீட்டில் செய்கிற முறை: தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுங்கள், இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். அப்புறம் முழங்கை ஊன்றி இன்னொரு இரண்டு மூன்று நிமிடம். அதுவும் ஒத்துக்கொண்டால் உள்ளங்கைகளைத் தோளுக்கு நேராகத் தரையில் வைத்து, கைகளை நீட்டி மார்பை மட்டும் மேலே தள்ளுங்கள். இடுப்பும் தொடையும் பாயைவிட்டு எழக்கூடாது, பிட்டத்தை இறுக்கக்கூடாது. மேலே போய் ஒரு நொடி, மூச்சை விட்டுக் கீழே. பத்து தடவை. ஒரு நாளில் ஒரே தடவை நூறு செய்வதைவிட இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து செய்வதுதான் வேலை செய்யும். கம்பெனியில் படுக்க முடியாது. அங்கே எழுந்து நின்று, இரண்டு கைகளையும் இடுப்பில் பின்பக்கம் வைத்து, முழங்கால் மடங்காமல் பின்னால் சாயுங்கள், ஐந்தாறு தடவை. ஒரு பண்டல் முடிந்து அடுத்தது எடுக்கிற இடைவெளியே இதற்குப் போதும். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் இதனால் கூலி குறைந்ததில்லை.

உடம்பு ஒரு பக்கமாகக் கோணிப்போயிருந்தால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள், யாராவது ஒரு பிசியோ நேரில் பார்த்து முதலில் அந்தக் கோணலை எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் குப்புறப் படுக்கிற முறை ஆகாது.

இதற்கு நேர்மாறான கூட்டம் ஒன்று உண்டு. அறுபதைத் தாண்டியவர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைவீதிவரை நடப்பதற்குள் இரண்டு காலும் கனத்துவிடும், எங்காவது திண்ணையில் உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் சரியாகும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குனிந்து நடந்தால் ஒன்றும் செய்யாது. இவர்களுக்கு நரம்பு போகிற பாதை குறுகியிருக்கும். பின்னால் சாய்ந்தால் இன்னும் குறுகும், முன்னால் வளைந்தால் விரியும். அதனால் மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்குக் கொண்டுவருவது, நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகக் கைகளைத் தரைப்பக்கம் இறக்குவது, சைக்கிள் மிதிப்பது ஆகியவை இவர்களுக்கு. கால் கனப்பதற்குச் சற்று முன்பே உட்கார்ந்துவிட்டு மறுபடி நடக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களும் பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். உட்காராமல் சும்மா நின்றாலே கால்வலி குறைந்துவிடுகிறது என்றால் காலுக்கு ரத்தம் போவதில் அடைப்பு இருக்கலாம். அது இடுப்பு வைத்தியத்தில் தீராது.

மூன்றாவது கூட்டத்துக்கு எந்தப் பக்கமும் பிடிக்காது. பேட்லாக் ஹெட்டைத் தூக்கினேன், சிலிண்டரை நகர்த்தினேன், 'டக்'கென்று பிடித்துக்கொண்டது என்பவர்கள். காலுக்கு இறங்காது, மரத்துப்போகாது, ஆனால் திரும்பக்கூட முடியாது. பார்க்க மிக மோசமாக இருக்கிற இதுதான் மிகச் சீக்கிரம் சரியாகிற வகை.

முதல் வாரம்

படுத்தே கிடக்காதீர்கள். ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1995-ல் வந்தது. புதிதாக இடுப்பு பிடித்தவர்களில் ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை, இன்னொரு பிரிவுக்குப் பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு முடிந்தவரை வழக்கமான வேலைகளைப் பார்ப்பது. சீக்கிரம் தேறியவர்கள் மூன்றாவது பிரிவினர். தாங்க முடியாத வலி என்றால் ஒன்றிரண்டு நாள் நிறையப் படுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் மணிக்கு ஒரு தடவை எழுந்து வீட்டுக்குள் இரண்டு சுற்று நடங்கள்.

மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை, ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒன்று. எழும்போது நேராக நிமிராமல் பக்கவாட்டில் உருண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். தும்மல் வந்தால் சுவரில் ஒரு கையை ஊன்றி முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள். மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், முக்குவது டிஸ்க் வலியைக் கிளப்பிவிடும்.

"மெத்தையைத் தூக்கிப் போட்டுட்டுத் தரையில படுங்க" என்று சொல்லாத பெரியவர் நம் ஊரில் கிடையாது. ஸ்பெயினில் 313 பேரை வைத்துச் செய்து 2003-ல் வெளியான ஆய்வில் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி குறைவாக இருந்தது. நடுவில் குழி விழுந்த பழைய இலவம்பஞ்சு மெத்தை ஆகாது என்பது உண்மைதான். ஆனால் வலியோடு தரையிலிருந்து எழுவது கட்டிலிலிருந்து எழுவதைவிடப் பாடு. தரை பழகியவர் தரையிலேயே படுக்கட்டும், கட்டில் பழகியவர் கட்டிலில்.

வெந்நீர்ப் பை ஒத்தடம் பதினைந்து இருபது நிமிடம், துண்டைச் சுற்றிக் கொடுங்கள். மரத்துப்போன இடத்தில் கொடுக்காதீர்கள், சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும். தைலம் தேய்த்து மேலாக நீவிவிடுவதில் தப்பில்லை, சுகமாக இருந்தால் செய்யுங்கள். உலக்கையை உருட்டுவது, ஆளை விட்டு மிதிப்பது, இடுப்பைச் சொடுக்குவது வேண்டாம், அதுவும் கால் மரத்திருப்பவர்களுக்குக் கூடவே கூடாது.

மெடிக்கல் கடையில் "இடுப்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று வாங்கிப் போடுகிற பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நாலு வண்ண மாத்திரையில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கலாம், ஒன்று வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கிற வலி மாத்திரை. ஷிஃப்ட் போக வேண்டும் என்று மாதக்கணக்கில் போட்டவர்கள் சர்க்கரை ஏறி, வயிறு புண்ணாகி வந்ததைப் பார்த்திருக்கிறேன். வலி மாத்திரை தேவைப்பட்டால் டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் சொன்ன நாள் மட்டும் போடுங்கள். பாரசிட்டமால் பாதுகாப்பானதுதானே என்பார்கள். புதிதாக வந்த இடுப்பு வலிக்கு அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அதிகம் உதவவில்லை என்று ஆஸ்திரேலியாவில் செய்த பெரிய ஆய்வு 2014-ல் சொல்லிவிட்டது.

பெல்ட்டும் இழுவை மிஷினும்

"இழுக்க மாட்டீங்களா மேடம்?" என்று கேட்காத நாளில்லை. இடுப்பில் பட்டை கட்டி மிஷினால் இழுக்கிற டிராக்‌ஷனைத்தான் கேட்கிறார்கள். மிஷின் இல்லாத பிசியோவுக்கு மதிப்புக் குறைவு என்பது எனக்குத் தெரியும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்காக 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், வழக்கமான சிகிச்சையாக டிராக்‌ஷனும் வேண்டாம், இடுப்பு பெல்ட்டும் வேண்டாம் என்றுதான் இருக்கிறது. வேண்டும் என்று சொல்லியிருப்பவை உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மசாஜ் போன்ற சில கைமுறைச் சிகிச்சைகள், தேவைப்பட்டால் வலி மாத்திரை, மனதுக்கான ஆலோசனை. கடைசியில் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. வட்டி கட்ட முடியாமல் தூக்கம் போனவருக்கு வலி ஒன்றுக்கு இரண்டாகத் தெரிவதை நான் தினமும் பார்க்கிறேன், அதனால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பெல்ட் வாங்கியாகிவிட்டது என்றால் வலி கடுமையாக இருக்கிற நாட்களில் பஸ் பயணத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

பலம் ஏற்றுவது

கால்வலி அடங்கி, இடுப்பில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிற நிலைமைக்கு வந்தபின் இதைத் தொடங்கலாம். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கிற மூன்று பயிற்சிகளைத்தான் நானும் கொடுக்கிறேன், ஏனென்றால் பாயும் ஆறடி இடமும் இருந்தால் போதும்.

முதலாவது, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரண்டு கைகளையும் இடுப்பின் வளைவுக்கு அடியில் வைத்துக்கொண்டு, தலையையும் தோளையும் தரையிலிருந்து லேசாக மட்டும் தூக்குவது. எழுந்து உட்காரக் கூடாது. இரண்டாவது, ஒருக்களித்துப் படுத்து முழங்கையையும் மடக்கிய முழங்காலையும் ஊன்றி இடுப்பை மேலே தூக்கி நிறுத்துவது, இரண்டு பக்கமும். மூன்றாவது, கையும் முழங்காலும் ஊன்றி நாலுகாலில் நின்று, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டுவது, பிறகு மாற்றுவது. முதுகில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு நீட்டுங்கள், இடுப்பு திருகாது. ஒவ்வொன்றிலும் பத்து நொடி நிறுத்த வேண்டும். முதலில் ஆறு தடவை, கொஞ்சம் ஓய்வு, அப்புறம் நாலு, அப்புறம் இரண்டு. நொடியைக் கூட்டாதீர்கள், பழகப் பழகத் தடவையைக் கூட்டுங்கள்.

காலை எழுந்தவுடன் குனிந்து கால் கட்டைவிரலைத் தொடுகிற பயிற்சி வேண்டாம். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும், காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாகக்கூட இருப்போம். அந்த நேரத்தில் குனிந்தால் டிஸ்க்குக்கு விழுகிற அழுத்தம் அதிகம். நம் பெண்கள் எழுந்ததும் செய்கிற முதல் வேலை குட்டைச் சீமாறால் வாசல் பெருக்கி, குனிந்தபடியே கோலம் போடுவது. அதை விடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நான் சொல்வதும் இல்லை. எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, பால் காய்ச்சி, அரை மணி நேரம் நடமாடிவிட்டு வாசலுக்குப் போங்கள். நீளமான கைப்பிடி வைத்த துடைப்பம் வாங்குங்கள். கோலத்தை ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து போடுங்கள்.

தூக்குகிற வேலைக்கு ஒரு கம்புப் பயிற்சி இருக்கிறது. துடைப்பக் கம்பை முதுகோடு நிறுத்திப் பிடியுங்கள், பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் கம்பைத் தொட வேண்டும். அந்த மூன்றும் விலகாமல், பிட்டத்தைப் பின்னால் தள்ளி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் குனியுங்கள். இடுப்பு வளையாமல் தொடைமூட்டு மட்டும் மடங்குகிறதா? குடம் தூக்குவதும் பண்டல் தூக்குவதும் இப்படித்தான். சமையல் சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ வரும். அதைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை, சாய்த்து அடிவிளிம்பில் உருட்டுங்கள்.

கம்பெனியில் மாற்ற வேண்டியவை மூன்று நான்குதான். ஸ்டூலின் உயரம், தைக்கும்போது முழங்கை மிஷின் மேடையின் மட்டத்துக்கு வருகிற மாதிரி இருக்கட்டும். உயரம் பற்றாவிட்டால் வேஸ்ட் துணியை மடித்துத் தைத்து ஒரு திண்டு செய்துகொள்ளலாம், வேஸ்ட் துணிக்கா திருப்பூரில் பஞ்சம்? ஸ்டூலை மிஷினுக்கு நெருக்கமாக இழுத்துப் போடுங்கள். பண்டலைத் தரையில் போட்டு ஒவ்வொரு பீஸுக்கும் பக்கவாட்டில் திருகிக் குனிவதுதான் டெய்லரின் இடுப்பைக் கெடுக்கிற பெரிய விஷயம். கைமடியிடம், அதாவது மிஷினுக்குக் கூட இருக்கிற ஹெல்பரிடம் சொல்லி அதை ஒரு ஸ்டூல்மேல் வைக்கச் சொல்லுங்கள். செக்கிங்கில் நிற்கிறவர்கள் காலடியில் ஒரு செங்கல் போட்டு, ஒரு கால் மாற்றி ஒரு கால் அதன்மேல் வைத்து நின்றால் சாயங்காலம் வித்தியாசம் தெரியும்.

எவ்வளவு நாள் பார்ப்பது?

சாதாரணப் பிடிப்பு என்றால் சில வாரம். காலுக்கு இறங்குகிற வலிக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்து பாருங்கள். நடுவில் வலி தாங்கவில்லை என்றால் முதுகில் போடுகிற ஸ்டீராய்டு ஊசி சிலருக்குக் கொஞ்ச நாள் நிம்மதி தரும், அந்த நாட்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். இவ்வளவும் செய்து கால்வலி அடங்கவே இல்லை, ஸ்கேனில் தெரிகிற இடமும் வலிக்கிற இடமும் பொருந்துகிறது என்றால் ஆபரேஷன் செய்துகொள்வதில் ஒரு தப்பும் இல்லை. அப்படிப் போய் நன்றாக இருப்பவர்களும் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். இடுப்பில் மட்டும் வலி, காலில் ஒன்றுமில்லை என்றால் ஆபரேஷனுக்கு முன்னால் இன்னொரு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தனியார் பிசியோவுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் அரசுத் தலைமை மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. நடமாட முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

ஒருமுறை பிடித்த இடுப்பு மறுபடி பிடிக்கிற வாய்ப்பு அதிகம். அதைத் தள்ளிப்போடுவதற்கு மலிவான வழி நடைதான். ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் செய்து 2024-ல் வெளியான ஆய்வில், படிப்படியாகக் கூட்டி வாரத்துக்கு ஐந்து நாள் அரை மணி நேர நடைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப வருவதற்கு 208 நாள் ஆனது, சும்மா விட்டவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளிலேயே வந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்கு மேல் எங்கே நடப்பது என்பீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், வீட்டுக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கிப் பத்து நிமிடம், இதிலேயே தொடங்கலாம்.

மறுபடி பிடித்துவிட்டால் அன்றைக்கே புது ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். முதலில் சொன்ன ஆபத்து அடையாளங்களை ஒருமுறை சரிபாருங்கள். அது எதுவும் இல்லாவிட்டால் பலப் பயிற்சியை நிறுத்திவிட்டு, போன தடவை எந்தப் பக்கம் ஒத்துக்கொண்டதோ அந்தப் பக்கப் பயிற்சிக்குத் திரும்புங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து. இரண்டு வாரத்தில் ஒரு முன்னேற்றமும் தெரியாவிட்டால் அப்போது வந்து காட்டுங்கள். கவரை எடுத்து வருகிறீர்களோ இல்லையோ, குனிந்து நிமிர வசதியான உடுப்பில் வாருங்கள்.